எங்கள் ஆய்வுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நாளமில்லாச் சுரப்பிகளிலும் அவற்றை ஒத்த செல்களிலும் தோன்றும் கட்டிகளைப் படமெடுத்துக் கண்டறிவது, படத்தில் அவை எந்த ஏற்பியால் (செல்லின் மேற்பரப்பில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தால்) புலப்பட்டனவோ அதே ஏற்பியின் வழியே கதிரியக்க மருந்தைச் செலுத்திச் சிகிச்சை அளிப்பது ஆகிய இரண்டையும் இணைத்து நாங்கள் மேற்கொண்ட ஆய்வு நிறைவடைந்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரையின் இறுதியில் நன்றியுரைக்குக் கிடைக்கும் நாலு வரிகளில் நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லி முடிக்க இயலாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி முன்னோடிகளுக்கு உரியது. 1973-இல் ரோஜர் கில்லெமினின் ஆய்வகம் வெளிப்படுத்திய, இக்கட்டிகளின் ஏற்பிகள் பற்றிக்கொள்ளும் சோமடோஸ்டாடின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். அதன் செயலைச் செய்யக்கூடிய, எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்ட்ரியோடைடு பின்னர் உருவானது. அதன் சிறு மாற்றுவடிவம் ஒன்றில் கதிரியக்க அயோடினை இணைத்து, உடலுக்குள் கட்டி இருக்கும் இடத்தைப் படமாகக் காட்ட முடியும் என்பதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரைச் சேர்ந்த எரிக் கிரென்னிங், ஸ்டீவன் லாம்பெர்ட்ஸ் ஆகியோரின் குழு 1989-இல் வெளியிட்டது. நாங்கள் செய்ததெல்லாம் அவர்கள் போட்ட பாதையில் சில அடிகள் நடந்ததுதான்.

எங்கள் கதிர்மருந்து வேதியியலாளர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. படமெடுப்பதற்கான மருந்தில் நாங்கள் சேர்க்கும் கதிரியக்கத் தனிமமான காலியம்-68-இன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 68 நிமிடங்கள். மருந்தைத் தயாரித்து, அதன் தூய்மையையும் அமிலத்தன்மையையும் சோதித்து, நோயாளியின் இரத்தக் குழாயில் ஏற்றுவதற்குள் கதிரியக்கம் குறைந்துகொண்டே போகும். ஒரு மணி நேரம் பிந்தினால் ஏறத்தாழப் பாதி போய்விடும். இவ்வளவு நெருக்கடியிலும் ஒரு சோதனையைக்கூட அவர்கள் தாண்டிச் சென்றதில்லை. தரம் குறைந்த மருந்தை அனுப்புவதைவிட அன்றைய ஸ்கேனை ஒத்திவைப்பதே மேல் என்று அவர்கள் உறுதியாக நின்றதால்தான் எங்கள் படங்களை நம்பி முடிவெடுக்க முடிந்தது.

கட்டியைக் கதிரால் தாக்கும் லுட்டீசியம்-177 என்னும் கதிரியக்கத் தனிமத்தைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் நாட்களில் செவிலியர்கள் செய்த பணியை வெளியார் எவரும் அறிய வாய்ப்பில்லை. சிறுநீரகங்களைக் காப்பதற்காக லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களின் கரைசலைப் பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். கதிர்ப் பாதுகாப்பு விதிகளின்படி நெருங்கி நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நோயாளி தனித்து விடப்பட்டதாக உணரக் கூடாது. கதவருகே நின்று பேச்சுக் கொடுத்தபடியே, வாந்தி வரும் அறிகுறி தெரிந்ததும் பாத்திரத்தோடு உள்ளே விரைந்த அவர்களின் பக்குவத்தை எந்தச் செயல்முறைக் குறிப்பேடும் கற்றுத் தராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிகளுக்கு நன்றி. முகம் சிவந்து வயிறு கழிவதற்கும், இரத்த அழுத்தம் திடீரெனத் தாறுமாறாக ஏறுவதற்கும் காரணம் புரியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்த பிறகே அவர்களில் பலர் எங்களிடம் வந்தார்கள். லுட்டீசியம் வெளியிடும் காமாக் கதிர்களைக் கொண்டு, உள்ளே சென்ற மருந்து எங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் படமெடுக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைச் சரியாகப் போட, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் வந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதனால் தமக்கு நேரடிப் பயன் இல்லாமற்போகலாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அவர்கள் வந்தார்கள். சிறுநீரகத்துக்கும் கட்டிக்கும் சென்றடைந்த கதிர் அளவைப் பற்றி எங்கள் கட்டுரையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அவர்கள் தந்த கொடை.

சிகிச்சை பலனளிக்காமல் நாங்கள் இழந்தவர்களின் குடும்பத்தாருக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று தெரியவில்லை. சில கட்டிகள் வீரியம் கூடும்போது அந்த ஏற்பியை இழந்துவிடுகின்றன. அப்போது நம் மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடமிருப்பதில்லை. அத்தகைய கட்டி ஏற்பி ஸ்கேனில் மங்கலாகவும், குளுக்கோஸ் ஏற்பைக் காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சென்றும் தெரிவதை உங்கள் உறவினர்களின் படங்களில்தான் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஐயம் எழும் நோயாளிகளுக்கு இன்று இரண்டு ஸ்கேன்களையும் எடுத்த பிறகே லுட்டீசியம் சிகிச்சையை முடிவு செய்கிறோம்.

மிகுந்த நன்றியுடன்,
அணு மருத்துவ ஆய்வாளர்