காலாண்டு நிறைவும் மலைக்கோட்டைச் சுவரும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணியும் கலைத் திருவிழாவில் பங்கேற்ற பிள்ளைகளும் பள்ளிக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள், வாழ்த்துகள். விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் கைக்கு வரும்.

விடுமுறை விடுவதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நம்மூர் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனோம். நிறையக் கேள்வி கேட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த சனிக்கிழமை, டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சிலர் தாங்களாகவே மலையேறியிருக்கிறார்கள். பாழடைந்து நிற்கும் கட்டடம் ஒன்றின் சுவரில் காம்பஸ் முனையால் பெயரையும் வகுப்பையும் கீறியிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். கீறல் மெல்லியதுதான். ஆனால் அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து செங்கல் தெரிகிறது. ஐப்பசி மழை அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, திருமலை நாயக்கர் வலுப்படுத்திய கோட்டை அது. வேலுநாச்சியாருக்குப் படை கொடுத்து உதவிய ஐதர் அலியின் கையில் இருந்தது. 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இத்தனையும் தாங்கி மிஞ்சிய சுவர் நம் பிள்ளைகள் கையால் உதிரக் கூடாது.

"விளையாட்டாகச் செய்தது சார், விடுங்கள்" என்று சிலர் சொன்னீர்கள். விட முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். மதில் விளிம்பில் ஏறி நின்று செல்ஃபி எடுத்ததும் தெரிய வந்திருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பாறை வழுக்கும். இனி இப்படி நடந்தால் பெற்றோரை வரவழைத்துப் பேசாமல் வகுப்பில் சேர்க்க மாட்டோம்.

ஒரு தந்தை, தம் செலவில் பூசித் தருவதாகச் சொன்னார். நல்ல மனது. ஆனால் அந்தச் சுவரில் தொல்லியல் துறையைத் தவிர வேறு யாரும், நல்லெண்ணத்தோடுகூட, கை வைக்கக் கூடாது. அவர்களிடம் நடந்ததை எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம்.

எந்தப் பிள்ளையின் பெயரையும் காலைக் கூட்டத்தில் சொல்ல மாட்டேன். வீட்டில் அடிக்க வேண்டாம். உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்தால் விடுமுறையில் நீங்களே கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். தகவல் தெரிந்ததும் மறைக்காமல் பள்ளிக்கு வந்து சொன்ன தாய்மார்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்