டிரைவர் போடும் கட்டணம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமையாக ஒரு வட்ஸ்அப் செய்தி ஊருக்குள் சுற்றுகிறது. உங்களில் பாதிப்பேருக்கு வந்திருக்கும். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சான். "நெற்றில் சும்மா கிடைக்கிற டிரைவரைப் போட்டுவிட்டு 6,500 ரூபா வாங்குகிறார்கள், ஐந்து நிமிட வேலை" என்பதுதான் சாரம். இங்கே டிரைவர் என்பது, கடைக் கணக்கையும் ரிப்போட் மென்பொருளையும் இணைக்கக் கம்பியூட்டரில் போடும் ஒரு சிறு மென்பொருள். கடையின் பெயர் அதில் இல்லை. ஆனால் திருகோணமலையில் இந்த வேலைக்கு வீடு தேடி, கடை தேடி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும்.

செய்தி வந்த வட்ஸ்அப் குழுவிலேயே பதில் போடச் சொன்னார்கள். அங்கே போட்டால் சண்டைதான் வரும். அதனால் இந்த மடல்.

டிரைவர் சும்மாதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. கடைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தள மென்பொருளுக்கான டிரைவரை யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு சதம் நாங்கள் வாங்கியதில்லை. பழைய பில்லை எடுத்துப் பாருங்கள், "தரவுத்தள இணைப்பு வேலை" என்றுதான் எழுதியிருக்கும். தென்னோலை வளவுக்குள் சும்மா விழுகிறது. அதற்காகக் கிடுகு பின்னுகிறவருக்குக் கூலி இல்லை என்று யாராவது சொல்கிறோமா?

அந்த ஐந்து நிமிடக் கதைதான் என்னை உறங்க விடவில்லை. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைக் கணக்கு ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. மாத விற்பனை, கடன் நிலுவை, ஸ்டொக் என்று அச்சடித்துத் தரும் ரிப்போட் மென்பொருள் வேறொன்று. ஒன்று பேசுவது மற்றதற்கு நேரே விளங்காது. இடையில் ஒரு துவிபாஷி வேண்டும், அதுதான் டிரைவர். எந்த மென்பொருளும் எந்தத் தரவுத்தளத்தோடும் ஒரே முறையில் கதைக்கட்டும் என்று 1992 இல் மைக்ரோசொப்ட் கொண்டுவந்த ஏற்பாடுதான் ஓடிபிசி (ODBC). முப்பது வருசம் தாண்டியும் நம் கடைகளில் அதுதான் ஓடுகிறது.

குறை சொன்னவரின் இடத்தில் நடந்தது இது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்ததால் பலரையும் போல அவரும் விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்பியூட்டர் வாங்கினார். மென்பொருளில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு, 32 பழையது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது, முழுக்க 64 பிட். ஆனால் அவருடைய பழைய ரிப்போட் மென்பொருள் 32 பிட். அது புதியதிலும் ஓடும். ஓடுகிறதுதான் சிக்கலே, ஓடாவிட்டால் ஆரம்பத்திலேயே விளங்கியிருக்கும். 32 பிட் மென்பொருள் 32 பிட் டிரைவரை மட்டும்தான் ஏற்கும். எங்கள் கடையில் வேலை செய்த தம்பி, புதுக் கம்பியூட்டர்தானே என்று 64 பிட் டிரைவரைப் போட்டார். அமைப்புப் பெட்டியில் "டெஸ்ட்" பொத்தானை அழுத்தினார். இணைப்பு வெற்றி என்று வந்தது. தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாள் காலை முதலாளி ரிப்போட்டைத் திறந்தால், அப்படியொரு தரவு மூலமே இல்லை என்கிறது.

டெஸ்ட் பொய் சொல்லவில்லை. 64 பிட் பக்கத்தில் இணைப்பு உண்மையாகவே சரி. ரிப்போட் மென்பொருள் பார்ப்பது மற்றப் பக்கத்தை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் கருவி இரண்டு இருக்கின்றன. 64 பிட்டுக்கானது சிஸ்டம்32 என்ற கோப்புறையில். 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில். எழுத்துப்பிழை இல்லை, திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர், அந்தப் பெயரின் முடிவிலும் 32. பெயர் வைத்தவரை ஒருநாள் எங்கள் கடையில் இருத்திவைக்க ஆசை.

சரி, பிட் பொருந்திவிட்டது என்றே வைப்போம். இணைப்பின் விவரங்களைச் சேமித்து வைக்கும் பதிவுக்கு டிஎஸ்என் (DSN) என்று பெயர். அதை யூசர் டிஎஸ்என் ஆகப் போட்டால் விண்டோஸில் அந்த ஒரு பயனர் கணக்கில் நுழைகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். முதலாளி தன் பெயரில் நுழைந்தால் வெறுமை. எல்லோருக்கும் தெரிகிற சிஸ்டம் டிஎஸ்என் ஆகப் போட வேண்டும். பிறகு ஃபயர்வோல், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் காவல். தரவுத்தளம் கவுண்டர் கம்பியூட்டரில் இருந்தால் அங்கே 3306 என்ற வாசல் திறந்திருக்க வேண்டும், எல்லோருக்கும் அல்ல, உங்கள் கடைக்குள் மட்டும். அப்புறம் நம் ஊர்க் கரைச்சல் ஒன்று. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் கவுண்டர் கம்பியூட்டருக்கு வேறு ஐபி முகவரி (வலையமைப்பில் அந்தக் கம்பியூட்டரைக் காட்டும் இலக்கம்) கொடுத்துவிடும். டிஎஸ்என்னோ பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். "நேற்று வேலை செய்தது, இன்று இல்லை" என்று வரும் கோல்களில் பாதி இதுதான். முகவரியை நிலையாக்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் அது டிரைவர் வேலையில் சேர்ந்ததல்ல, ரவுட்டரின் கடவுச்சொல்லைத் தேடியே சில இடங்களில் அரைமணி போயிருக்கிறது.

தரவுத்தளத்தைப் புதுப்பித்தவர்களுக்கு இன்னொன்று. 2018 இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0, புதிதாகத் திறக்கும் பயனர் கணக்குகளுக்குக் கடவுச்சொல் சரிபார்க்கும் முறையையே மாற்றியது. மிகப் பழைய டிரைவருக்கு அது விளங்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

தமிழ்ப் பெயர்களை நான் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் செய்தியின் கடைசி வரி அதுதான்: "ரிப்போட்டில் பெயரெல்லாம் கேள்விக்குறி." மைஎஸ்கியூஎல் டிரைவரைப் போட்டால் பட்டியலில் இரண்டு பெயர் வரும், ஒன்று தமிழ் எழுத்து விளங்காத பழைய முறையான ஆன்சி, மற்றது எல்லா மொழி எழுத்துக்குமான யூனிகோட். அகர வரிசையில் முதலில் நிற்பது ஆன்சி. அதைத் தெரிவு செய்தால் "சிவகாமி ஸ்டோர்ஸ்" என்பது வெறும் கேள்விக்குறிகளாகத்தான் வரும். யூனிகோடைத் தெரிவு செய்தால் சரி. ஆனால் 2010 க்கு முன்பே கணக்குத் தொடங்கிய சில கடைகளில் பெயர்கள், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அங்கே கேள்விக்குறி வராது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். அதற்கு எந்த டிரைவரும் மருந்தல்ல. பெயர்களை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அதைத் தனி வேலையாகத்தான் எடுப்போம்.

6,500 எப்படி வந்தது என்றால் அது இரண்டு பில்: 3,500, அப்புறம் 3,000. இரண்டாவதை வாங்கியிருக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

தம்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆறு வருசம் எங்களோடு இருந்தவர். பெரிய தம்பி கத்தாருக்குப் போன பிறகு இரண்டு பேரின் வேலையை ஒருவராகச் செய்தார். இப்போது அவரும் போய்விட்டார். போகிறவர்களை மறிக்க நான் யார், இங்கே கொடுக்கிற சம்பளம் எனக்குத் தெரியும்தானே. "டிரைவர் போடத் தெரிந்த ஒருவர் தேவை" என்று கடை வாசலில் ஒட்டினேன். முதலில் வந்தவர் கனரக வாகன லைசன்ஸோடு வந்தார். பத்து வருசம் லொறி ஓட்டிய மனிதர். பாவம், விளக்கம் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். இப்போது வேலைக்கு நானும் புதிதாகப் பழகுகிற ஒரு தங்கச்சியும்தான். அவர் டெஸ்ட் பொத்தானை நம்புவதில்லை. உங்கள் ரிப்போட்டை உங்கள் கணக்கில் நுழைந்து திறந்து காட்டி, ஒரு தாள் அச்சடித்துக் கையில் தந்த பிறகுதான் பையைத் தூக்குவார்.

செலவு பற்றி நீங்கள் அறியாததல்ல. 2022 இல் ரூபா விழுந்ததிலிருந்து நாங்கள் வாங்கும் சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமானது. பெற்றோலை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அடுத்த மாதம் முதல் இந்த இணைப்பு வேலைக்கு நகருக்குள் 4,500, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் 6,000. சனிக்கிழமைகளில் நகருக்கு வெளியே வர மாட்டோம்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு பாதைப் படகில் ஏறி, கம்பியூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்த காலத்திலிருந்து எங்களை விடாமல் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நாளில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர்கள் இருக்கிறார்கள். சீசன் தொடங்குமுன் நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒரே கிழமையில் கூப்பிட்டு, பிறகு ஆளுக்கொரு நாளாகத் தாங்களே பிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. அந்த வட்ஸ்அப் குழுவிலேயே எங்களுக்காக இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். யாரென்று தெரியும். உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது.

இன்னொரு சின்ன விஷயம். முன்பு அமைத்த சில இடங்களில் ரிப்போட்டுக்கென்று வாசிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் கணக்கு இல்லாமல், தரவுத்தளத்தில் எல்லாம் செய்ய உரிமையுள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லே டிஎஸ்என்னில் கிடக்கலாம். அடுத்த முறை வரும்போது காசில்லாமல் மாற்றித் தருகிறோம். அதுவரை அந்தக் கம்பியூட்டரை வெளியாட்களிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

புதுக் கம்பியூட்டர் எடுக்கப் போகிறவர்கள் பழையதை விற்பதற்கு முன்பு ஒரு கோல் எடுங்கள். பழைய டிஎஸ்என்னில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள எங்களுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசில்லை.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
திருகோணமலை