ஊஞ்சல் கொக்கியின் கறை

கும்பகோணம்,
ஐப்பசி, மழை விட்ட ஒரு மாலை

அன்புள்ள நண்பா,

உன் மரத்தில் செய்கிற கிடாருக்கு என்ன பிக்கார்டு (கம்பி மீட்டும் பிக் உரசி மரம் கீறாமல் மேலே போடும் தகடு) போடலாம் என்று கேட்ட உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கையில் ஒரு முடிவு இல்லாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. நேற்று ராத்திரிதான் அது வந்தது.

முதலில் ஊர் சேதி. சம்பா நடவு எங்கள் பக்கம் முடிந்துவிட்டது. நாலு நாள் விடாமல் பெய்த மழையில் வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, தம்பி வயலில் முழங்கால் அளவு தண்ணீர். ஆள் வைத்து அரித்துப் போட்ட பிறகு வடிந்தது, பயிர் தப்பித்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். இத்தனை வருஷமாக எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததாம். இப்போது எதைப் பார்த்தாலும் முதலில் அதன் நிறத்தைச் சொல்கிறாள். இந்தச் சேதிக்குக் கிடாரிலும் வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சரி, கிடார். பாலிஷ் முடிந்துவிட்டது. உன் மரம் எப்படி வந்திருக்கிறது என்று போட்டோவில் காட்ட முடியாது. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் கரையேறிய அந்த இரவில், வேதாரண்யத்தில் உங்கள் கொல்லை வாகை வேரோடு சாய்ந்ததே. மறு வாரம் நாம் போய் நின்றபோது நீ அந்தக் கவட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா ஊஞ்சலுக்காகக் கொக்கி அடித்த இடம். "இதை மட்டும் விறகாக்கிவிடாதே" என்றாய். அந்தக் கவட்டையை அறுக்க முதல் மில்லில் ஒப்புக்கொள்ளவே இல்லை, உள்ளே இரும்பு இருந்தால் ரம்பப் பல் போய்விடும் என்று. இரண்டாவது மில்காரர் ஒத்துக்கொண்டார். கொக்கியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அறுத்தார். வாகைத் தூளில் அங்கே நின்ற எல்லோருக்கும் தும்மல். அப்புறம் ஆறு வருஷம் எங்கள் வீட்டுப் பரணில், பலகைக்குப் பலகை நடுவில் சட்டம் வைத்து உலரவிட்டேன்.

கிளை பிரியும் இடத்தில் மரத்தின் நார் நேராக ஓடுவதில்லை. நெருக்கியடித்துக்கொண்டு வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போகும். இழைத்துப் பார்த்தால் சில இடத்தில் நார் படுத்திருக்கும், சில இடத்தில் அதன் முனை நம்மைப் பார்த்து நிற்கும். படுத்த இடம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, நின்ற இடம் விழுங்கிக்கொள்கிறது. கிடாரைக் கொஞ்சம் சாய்த்தால் இருட்டும் வெளிச்சமும் இடம் மாறிக்கொள்கின்றன. வாய்க்கால் தண்ணீரில் காற்று அடிக்கிற மாதிரி. ஆசாரி ஒரே பலகையைத் தடிமனில் இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி இரண்டு பாதியையும் ஒட்டியிருக்கிறார். அதனால் கொக்கியின் இரும்புக் கறை இரண்டாகி, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கருநீலமாக நிற்கிறது. கழுத்து வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில். கீழே உடம்பு பலாக்கட்டை. தஞ்சாவூர் வீணைக்கு வெட்டுகிற அதே பலாதான்.

நீ கேட்டது ஒரே கேள்வி: பிக்கார்டு என்ன போடலாம்? டெலிகாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிடாரின் உருவம்தானே, கடையில் விற்கிற ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆமையோட்டு நிறத்தில் ஒன்று வரவழைத்தேன். அதில் எட்டுத் துளை. எனக்குக் கிடைத்த பழைய வரைபடத்தில் ஐந்து. 1950களின் டெலிகாஸ்டருக்கு ஐந்து திருகுதான், அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் எட்டானது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். மரத்தின்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு கனத்தது. இரண்டு கறையும் அதற்கடியில் போய்விட்டன. பெரியப்பாவின் ஊஞ்சலை மூடிவிட்டு உனக்கு ஒரு கிடார் தருவதா?

அந்த நேரத்தில் அம்மா திண்ணைக்கு வந்தாள். பார்த்துவிட்டு, "பூப்போட்ட புடவைக்கு யாராவது பூப்போட்ட ரவிக்கை போடுவாங்களா?" என்றாள். அதற்குமேல் எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. ஆமையோடு என்பதே ஒரு கோலம். பழுப்பில் செம்பழுப்புத் திட்டு. அது ஒரே நிறம் பூசிய உடம்பில் அழகு. பழுப்பில் பழுப்பு அலையாடும் மரத்தின்மேல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன. முத்துச்சிப்பி மாதிரி மின்னுகிற தகடு இன்னும் மோசம், அதுவும் வெளிச்சத்தில் அசைகிறது. மூன்றடுக்கு வெள்ளை, கருப்பு, வெள்ளை என்றால் ஓரத்தில் ஒரு கோடு தெரியும். கண் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. கிரீம் நிறம் வாகையின் கரும்பழுப்பில் பளிச்சென்று குதிக்கிறது.

கண்ணாடி மாதிரி அக்ரிலிக் போட்டால் மரம் தெரியுமே என்று நீ கேட்பாய். போட்டுப் பார்த்தேன். மரம் தெரிகிறது, அலை தெரியவில்லை. மேலே ஜன்னலும் டியூப்லைட்டும்தான் தெரிகின்றன. ஒரு வாரத்தில் அடியில் வியர்வையும் தூசியும் சேர்ந்துவிட்டது.

ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு பித்தளையை நினைக்காமல் இருக்க முடியுமா? பாத்திரக் கடைத் தெருவில் மெல்லிய தகடு ஒன்று வாங்கி, வெட்டி, வைத்துப் பார்த்தேன். வாகையும் பித்தளையும் கோயில் கதவும் குமிழும் மாதிரி அப்படி ஒரு பொருத்தம். ஆனால் உன் கை வியர்வை எனக்குத் தெரியும், ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்) ஒட்டி உலோகத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி மேல் சுரங்களின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். மனசில்லாமல் எடுத்து வைத்தேன்.

பிக்கார்டே வேண்டாம் என்பது அடுத்த யோசனை. அதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1958 முதல் 1960 வரை கிப்ஸன் கம்பெனி செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிடாரில் மேலே இதே மாதிரி அலையோடும் மேப்பிள். அதன் கார்டு மரத்தில் ஒட்டாமல் ஒரு தாங்கியில் உயர்ந்து நிற்கும். மரத்தைப் பார்க்கவேண்டும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தவர்கள் நிறைய. பால் ரீட் ஸ்மித்தின் அலைமேப்பிள் கிடார்களில் பெரும்பாலானவற்றில் கார்டே கிடையாது. ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிடார் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிக்கப், ஒலியைத் திருகும் பட்டன் எல்லாமே அந்தத் தகட்டில்தான் தொங்குகின்றன. டெலியில் அந்தக் கட்டாயம் இல்லை. பிக்கப் குழியை அதன் அளவுக்கே இறுக்கமாக வெட்டச் சொல்லியிருந்தேன், அதனால் மூடவேண்டிய ஓட்டை ஒன்றும் இல்லை.

ஆனால் நீ வாசிக்கிற விதத்தை நான் மறக்கவில்லை. காலேஜ் நாளில் உன் பழைய கிடாரில், கம்பிகளுக்குக் கீழே, பிக் போய்ப் போய் மோதி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரம் வெளிறியிருந்ததே. அந்த அடியை ஆறு வருஷம் உலர்ந்த இந்த மரத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. கார்டு என்பது உன் கை படும் இடத்துக்குத்தான். மற்ற இடத்தை அது மூட வேண்டிய அவசியம் என்ன?

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தஞ்சாவூர் போன இடத்தில் ஒரு வீணைப் பட்டறையில் நின்றேன். குடத்தின் நடுவில் பலா வெறுமையாக இருக்கிறது. வேலைப்பாடெல்லாம் விளிம்பில்தான். முன்பு தந்தம், இப்போது பிளாஸ்டிக். மரம் பேச வேண்டிய இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டர் அட்டையை வெட்டினேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் கீழ் முனையில் தொடங்கி, பட்டன் தகட்டுக்கு ஒரு விரல் முன்பாக முடிகிற ஒரு சின்ன உருவம். மெல்லிய கம்பிகளின் பக்கம் மட்டும். கிட்டத்தட்ட ஒரு மாவிலை மாதிரி. கறை இரண்டும் மேலே திறந்தே இருக்கின்றன. பகலில் திண்ணையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் மூன்று நாள் பார்த்தேன். நிறம் கருப்பு, ஒற்றை அடுக்கு, பளபளப்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டு மங்கலாக்கியது. அது மங்கி ஒதுங்கினால்தான் பக்கத்தில் அலை அசைவது தெரிகிறது. நேற்று அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மரம் இன்னும் சிவப்பா தெரியுதே" என்றாள்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்ய முடியாது. வெளிச்சம் பட்டு மரம் நிறம் மாறும். கார்டின் அடியில் இருக்கும் இடம் மாறாது. சுவரில் காலண்டரை எடுத்தால் அந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பாக இருக்குமே, அப்படி. ஐந்து வருஷம் கழித்து வேறு உருவம் வேண்டும் என்று கழற்றினால் மாவிலை அங்கேயே தெரியும். இப்போதே சரியாக இருக்கவேண்டும்.

அதனால் அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்கிற கிடாரில் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி, ஒரு வாரம் உன் வழக்கம்போல வாசி. பிக் அட்டைக்கு வெளியே எங்கே படுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து அனுப்பு. அந்த அளவுக்கு அகலப்படுத்திக்கொள்கிறேன். திருகு மூன்று போதும். வாகை கெட்டி மரம், முதலில் சின்னத் துளை போட்டு, திருகில் சோப்பு தடவித்தான் இறக்குவேன்.

தை பிறப்பதற்குள் நீ இங்கே வர முடிந்தால் நல்லது. கோயம்புத்தூருக்குப் பார்சலில் அனுப்ப எனக்குப் பயம். வந்தால் வேதாரண்யத்துக்கும் ஒரு நடை போய்வரலாம். அந்த வாகையின் வேர்ப்பக்கம் மறுபடி தளிர்த்து, இப்போது ஆள் உயரத்துக்குமேல் நிற்கிறதாம். உன் சித்தி போனில் சொன்னார்கள்.

அம்மா உன்னை விசாரித்தாள்.

என்றும் உன் நண்பன்