சன்னலைத் திறந்துவிட்டுச் சுவருக்கு வண்ணம் அடியுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பெங்களூர் ரிச்மண்ட் டவுனில் உள்ள நமது அலுவலகத்தின் இரண்டாம் தளத்தை அடுத்த மாதம் புதுப்பிக்கப் போவதாகவும், அதற்கான வரைபடம் தயாராகிவிட்டதாகவும் அறிவிப்புப் பலகையில் கண்டோம். பணம் ஒதுக்கி எங்கள் இடத்தைச் சீராக்க முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால், அந்த வரைபடத்தில் உள்ள பீன் பேக் இருக்கைகளும், ஊக்க வாசகங்கள் எழுதப்படவிருக்கும் சுவரும், மேற்கூரைப் பலகைகளைக் கழற்றிவிட்டுக் குழாய்கள் தெரியும்படி விடுகிற யோசனையும், அங்கே நாள்தோறும் ஒன்பது மணி நேரம் உட்காருகிறவர்களைக் கேட்டுத் தீர்மானித்தவையாகத் தெரியவில்லை. கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் வேறு அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதே குறைகளைச் சொல்லக் கேட்டதால்தான், உறையிலிட்டுத் தராமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

எங்கள் முதல் குறை காற்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், ஜூன் முதல் ஜனவரி வரை பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் உறவினர்கள் பொறாமைப்படும் இந்த ஊரில், நாங்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்கிறோம். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் சகோதரி, தலைக்கு மேல் உள்ள ஏசி வாயில் காலண்டர் அட்டை ஒன்றைச் செல்லோடேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார். அது மாதம் ஒருமுறை பெயர்ந்து அவர் மேசைமேலேயே விழுகிறது. இதற்குக் காரணம் யாருடைய பிடிவாதமும் அல்ல. வெப்பத்தை அளக்கும் உணரி, ஜெராக்ஸ் மெஷினுக்கு நேர் பின்னால் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. மெஷின் விடும் சூட்டை அறையின் சூடு என்று அது எடுத்துக்கொள்வதால், அறை எவ்வளவு குளிர்ந்தாலும் ஏசி ஓய்வதில்லை. மெஷினை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினால் போதும்; ஒப்பந்தக்காரர்கூட வேண்டாம், இரண்டு பேர் பிடித்தால் முடிகிற வேலை. அதன்பின் 24 டிகிரியில் வையுங்கள். 2020 முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகளைத் தொடக்கத்திலேயே 24 டிகிரியில் அமைத்து அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. மின்கட்டணச் சீட்டுகளைப் பதிவு செய்பவன் நான் என்பதால், இந்த எண் என் மனத்தில் பதிந்துவிட்டது.

குளிரைவிடப் பெரிய தொல்லை, உள்ளிருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுவது. நம்மிடம் உள்ள ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. பத்துப் பேர் கதவை மூடிக்கொண்டு பேசும் நம் ஆலோசனை அறையில் அது அரை மணிக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்தில் நாங்கள் கொட்டாவி விடுவதற்கு மதிய உணவை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கிழக்குப் பக்கச் சுவரில் நான்கு சன்னல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே சாலை இல்லை. பக்கத்து வளாகத்தின் தூங்குமூஞ்சி மரம்தான் இருக்கிறது. ஏசி போட்ட ஆண்டில் அவற்றைத் திருகாணி வைத்து மூடினார்கள். கொசுவலைச் சட்டம் பொருத்தி அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்பதே எங்கள் தலையாய வேண்டுகோள்.

அடுத்தது ஓசை. மேற்கூரையில் இருக்கும் புள்ளி புள்ளியான வெள்ளைப் பலகைகள் வெறும் அலங்காரம் அல்ல. பேச்சொலியை உறிஞ்சுவது அவையே. அவற்றைக் கழற்றிக் காங்கிரீட்டை வெறுமையாக விட்டால், வசூல் பிரிவினர் தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு சொல்லும் எங்கள் காதுக்கு வந்து சேரும். அவர்களைக் குறை சொல்லவில்லை. கடன் பாக்கியைக் கிசுகிசுத்து வசூலிக்க முடியாது. ஆனால் மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்ய வேண்டிய பரபரப்பில் எண்களைச் சரிபார்க்கும்போது, இரைச்சலைவிட அதிகமாகக் கவனத்தைக் கலைப்பது பொருள் புரியும் பேச்சுதான். மின்விசிறியின் சத்தத்தை மனம் ஒதுக்கிவிடும், “நாளைக்கு செக் கண்டிப்பா வந்துருமா சார்?” என்பதை ஒதுக்காது. கூரையைத் தொடாமல், வசூல் பிரிவை முன்னறைக்கு மாற்றி, இடையில் கோப்பு அலமாரிகளை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும்.

இருக்கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயரத்தைத் தாங்கும் சிலிண்டர் பழுதாகி, உட்கார்ந்ததும் மெல்ல இறங்கும் நாற்காலிகள் ஏழு உள்ளன. முழங்கை மேசை மட்டத்திலும், பாதம் தரையிலும், திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலும் இருக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் மானிட்டருக்கு அடியில் இரண்டு ஏ4 தாள்கட்டும், காலுக்கு அடியில் அந்தத் தாள் வந்த அட்டைப்பெட்டியும் வைத்துச் சமாளிக்கிறோம். பீன் பேக்குக்கு ஒதுக்கிய தொகையை இதற்குத் திருப்பிவிடுங்கள். அதில் சாய்ந்துகொண்டு பேரேட்டைச் சரிபார்க்க யாராலும் முடியாது. மேற்குச் சன்னலுக்கு முதுகுகாட்டிய மூன்று மேசைகளைப் பக்கவாட்டில் திருப்பினால், மாலை வெயில் திரையில் அடிப்பது நிற்கும்.

செடிகள் வைப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவரை நம்ப வேண்டாம். அவர்கள் மேற்கோள் காட்டும் 1989ஆம் ஆண்டின் நாசா ஆய்வு, மூடி முத்திரையிட்ட சிறு பெட்டிகளுக்குள் நடந்தது; ஓர் அலுவலக அறையில் நாலைந்து தொட்டிகளால் அப்படி எதுவும் ஆகாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக வைப்போம். லால்பாக் பக்கத்து நாற்றங்கால்களில் மணிபிளான்ட் மலிவாகவே கிடைக்கும்.

வரவேற்பறையில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அவருடைய நாற்காலியைச் சென்ற ஆண்டு எடுத்துவிட்டார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. அது இங்கே செல்லாது என்று வழக்கறிஞர் சொல்லலாம். ஆனால் செக்யூரிட்டி அண்ணனின் கால்வலிக்கு மாநில எல்லை தெரியாது. புதிய வரைபடத்தில் அவருக்கென ஒரு நாற்காலியையும், பான்ட்ரியில் தேநீர் தரும் அம்மாவுக்கு ஒரு முக்காலியையும் வரைந்துவிடுங்கள்.

ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் தருவதற்கு முன், குழுவினரில் ஒருவராவது ஒருநாள் முழுவதும் கணக்குப் பிரிவில் எங்களோடு அமர்ந்து வேலை பார்க்க வேண்டுகிறோம். வரும்போது சால்வை கொண்டுவரலாம். சன்னல்களை அன்றைக்கே திறக்க உத்தரவிட்டாலும் சிரமமில்லை. திருப்புளி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்,
பெங்களூரு