'டவுட்' என்றால் சந்தேகம்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் 'ஊகித்தல்' என்ற தலைப்பில் பதினொரு ஆங்கிலச் சொற்களைக் கட்டம் போட்டு வெளியிட்டிருந்தீர்கள். இடப்பக்கம் கெஸ், அசியூம், பிரசியூம், சப்போஸ், சஸ்பெக்ற், டவுட் என்று ஒரு வரிசை. வலப்பக்கம் பார்த்தால் ஊகி, கருது, நினை, சந்தேகி என்ற நாலே நாலு சொற்கள் மாறி மாறி வருகின்றன. பின்வளவுப் பிள்ளை உயர்தரம் படிக்கிறாள். திங்கட்கிழமையே அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்து காட்டினாள். முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்த எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் டவுட். அதற்கும் சஸ்பெக்றுக்கும் நீங்கள் கொடுத்திருப்பது ஒரே சொல், 'சந்தேகி'. எங்கள் வீட்டில் இது என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

சில வருசங்களுக்கு முன், மார்கழி மழை விட்ட கையோடு, என் தங்கையின் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். டெங்குவாகத்தான் இருக்கும் என்று டொக்டருக்குச் சந்தேகம். இரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பிள்ளையின் தகப்பன் ரொறன்ரோவில் இருக்கும் தமையனுக்கு வட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் போட்டான்: 'டொக்டர் டவுட்ஸ் டெங்கு.' அங்கேயே பிறந்து வளர்ந்த தமையனின் மகள் அதை வாசித்துவிட்டு, "டெங்குவா இருக்காதாம் அப்பா, டொக்டர் சொல்லிப்போட்டாராம்" என்றிருக்கிறாள். அவர்கள் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். இங்கே நாங்கள் மூன்று நாளாக வார்ட்டு வாசலில் நின்று, வருகிற போகிற தாதிமாரிடம் பிளேற்லெற் எவ்வளவு, ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகும், 'ஒரு கோல்கூட எடுக்கவில்லையே' என்ற மனத்தாங்கல் கனநாள் இருந்தது. செய்தி அனுப்பியவன் சாதாரணதரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவன். படிப்பித்தது நான்தான்.

ஆங்கிலத்தில் ஒரு விசயத்தை டவுட் பண்ணினால் 'இல்லை' என்ற பக்கம் சாய்கிறீர்கள். சஸ்பெக்ற் பண்ணினால் 'இருக்கிறது' என்ற பக்கம். எங்கள் சந்தேகம் (யாழ்ப்பாணத்தில் ஐமிச்சம் என்றும் சொல்வோம்) இரண்டு பக்கமும் சாயும். 'வருவாரோ என்று ஐமிச்சம்' என்றால் ஒரு பக்கம், 'இவர்தான் எடுத்திருப்பார் என்று ஐமிச்சம்' என்றால் மற்றப் பக்கம். எந்தப் பக்கம் என்பதை அந்த ஓகாரமும் தான்-உம் காட்டிவிடும். கட்டத்துக்குள் தனிச்சொல்லாக அடைத்தால் அது எப்படித் தெரியும்?

அசியூமுக்கு 'ஊகி' என்று போட்டதும் அப்படித்தான். உயர்தரத்தில் பொருளியல் படிக்கிற பிள்ளைக்கு இதற்குச் சரியான சொல் ஏற்கெனவே தெரியும்: எடுகோள். 'ஏனையவை மாறாதிருக்க' என்று ஆரம்பிக்கிறார்களே, அதை யாரும் ஊகிக்கவில்லை. அது பொய் என்று தெரிந்துகொண்டே, கணக்கு நகர வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொள்கிறார்கள். அசியூம் என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் எடுத்துக்கொள்ளுதல் என்றுதான் பொருள். பாடநூலில் எடுகோள் என்று போட்டவர் அதைப் பார்த்துத்தான் போட்டாரோ தெரியாது, சொல் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

பிரசியூமும் இலத்தீனில் எடுத்துக்கொள்வதுதான், ஆனால் முன்கூட்டியே எடுப்பது. சட்டத்தில் இதற்குத் தனி எடை உண்டு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்று இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 13 (5) ஆம் உறுப்புரை சொல்கிறது. அது நீதவானின் ஊகமல்ல. சட்டம் அப்படித்தான் தொடங்கும். மாற்ற விரும்புகிறவர் சான்றோடு வர வேண்டும். (உங்கள் நீதிமன்றச் செய்திகளில் 'சந்தேகநபர்' என்று கவனமாக எழுதிவிட்டு, தலைப்பில் மட்டும் 'திருடன் சிக்கினான்' என்று போடுகிறீர்கள். இதையும் ஒருக்கால் கவனியுங்கள்.) காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர்களாகக் கொண்டு மரணச் சான்றிதழ் தருவோம் என்று அரசு சொன்னபோது எத்தனை தாய்மார் வேண்டாம் என்றார்கள். 2016 இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராட்டத்தில் குந்தியவர்களிடம் போய், பிரசியூம் என்றால் ஊகித்தல் என்று சொல்லிப் பாருங்கள்.

கெஸ்ஸையும் எஸ்ரிமேற்றையும் ஒன்றாகப் போட்டதற்கு எங்கள் வளவு மாமரமே பதில் சொல்லும். கறுத்தக்கொழும்பான் மரம். வருசாவருசம் ஒரு வியாபாரி வருவார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மரத்தை இரண்டு தரம் சுற்றுவார். கீழ்க்கொப்பு ஒன்றில் இருப்பதை வாய்க்குள் எண்ணுவார், பிறகு உச்சியைப் பார்ப்பார், காற்றுக்கு விழுந்து கிடக்கும் பிஞ்சைக் காலால் தட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலை சொல்வார். நான் 'ஐந்நூறு காய் இருக்கும்' என்றால் அது கெஸ். அவர் சொல்வது எஸ்ரிமேற், அவருடைய காசு அதில் நிற்கிறது. இதற்கு எங்கள் பக்கத்தில் 'மட்டுக்கட்டுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் கட்டத்தில் அதற்கு ஏன் இடமில்லை?

இந்தச் சொற்களை எல்லாம் அகராதிப் பொருளைப் பாடமாக்கிப் பிரிக்க முடியாது. பேசுகிறவர் எவ்வளவைக் கண்டார், சொன்னதற்கு எவ்வளவு பொறுப்பு எடுக்கிறார் என்பதுதான் வித்தியாசம். அந்த அளவுகோல் எங்கள் பேச்சில் நிறையவே இருக்கிறது, ஆனால் வினையின் வாலில் இருக்கிறது. சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கேளுங்கள். 'போயிருக்கும்' என்பவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்கிறார். 'போன மாதிரிக் கிடக்கு' என்பவர், நிற்கிற சனம் குறைந்திருப்பதைக் கண்டு சொல்கிறார், அது இன்ஃபர். 'போயிருக்க வேணும்' என்பவருக்கு நேர அட்டவணை தெரியும். 'போட்டுதாக்கும்' என்பவருக்கு ஒன்றும் தெரியாது, கேட்டதற்கு ஒரு பதில், அவ்வளவுதான். 'ஐ கெஸ்' என்பதற்கு அந்த 'ஆக்கும்' போல ஒரு மொழிபெயர்ப்பு எந்த அகராதியிலும் நான் காணவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருந்தால் என் பிள்ளைகள் ஒரு கட்டுரையில் ஆறு இடத்தில் 'ஐ திங்' என்று எழுதியிருக்க மாட்டார்கள். எனக்கும் இது ஓய்வுபெற்ற பிறகுதான் ஓடி வெளித்தது.

'கருது' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சைவசித்தாந்தம் படித்தவர்களுக்குக் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள், தெரியும். புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று அறிவது கருதல். இன்றைக்குக் 'கருத்து' என்றால் புகையும் வேண்டாம் நெருப்பும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். உங்கள் செய்திகளில் '... எனக் கருதப்படுகிறது' என்று முடியும் இடங்களில் கருதியவர் யார், அவர் கண்ட புகை எது என்று நான் தேடிப் பார்ப்பதுண்டு. பொலிஸா, அயலவரா, நிருபரா என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டத்தைத் திருத்தி, சொல்லுக்குச் சொல் போடாமல் வசனத்தோடு வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் டவுட்டையும் சஸ்பெக்றையும் மட்டுமாவது பிரித்துப் போடுங்கள். பின்வளவுப் பிள்ளையின் கொப்பியில் நான் பென்சிலால் திருத்திவிட்டேன். 'பேப்பரிலயே அப்பிடித்தானே ரீச்சர் கிடக்கு' என்று அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கோண்டாவில்.