பாம்பன் பாலத்தில் வேனை நிறுத்திய அண்ணனுக்கு

86 வயதில் போன அப்பாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்கப் போனபோது, உச்சிப்புளி தாண்டி கார் நின்றுவிட்டது, கூடவே வயதான அம்மா, சரியான வெயில். காலி வேனில் வந்த நீங்களாகவே நிறுத்தி ஏற்றிக்கொண்டீர்கள். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் அப்பா என்ஜினியராக இருந்ததையும், சனிக்கிழமை எவ்வளவு இருட்டினாலும் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததையும் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் கேட்கவில்லை. பாலத்தின் நடுவில் பாட்டை அணைத்துவிட்டு, ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டீர்கள். அம்மா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்க, பின்னால் ஹாரன் அடித்தவர்களை நீங்கள்தான் கையெடுத்துக் கும்பிட்டுச் சமாளித்தீர்கள். "அய்யா போட்ட பாலத்துலதானே என் பொழப்பே ஓடுது" என்று காசும் வாங்கவில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்டேன் அண்ணே, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை போடுங்கள், அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம்.