பர்லியாறு வளைவில் வண்டியை நிறுத்திய பிக்கப் அண்ணாவுக்கு

சென்னையிலிருந்து நீலகிரி மலையிலுள்ள அருவங்காட்டுக்கு வீடு மாறினோம். 500 கிலோமீட்டருக்கு மேல் சமத்தாக ஓடிவந்த எங்கள் பழைய வேன், கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் திணறியது. பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து நின்றேவிட்டது. மழை வேறு. உள்ளே அம்மா.

அண்ணா, நாங்கள் கைகாட்டவே இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் காய்கறி இறக்கிவிட்டுக் காலி பிக்கப்போடு மேலே வந்துகொண்டிருந்த நீங்களாகவே நிறுத்தினீர்கள். பேசுவதற்கு முன்பே பின்சக்கரத்துக்குக் கல் வைத்தீர்கள். மூடியைத் திறக்கப்போன தம்பியின் கையைத் தடுத்து, "இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துருங்க தம்பி, ஆறட்டும்" என்றீர்கள். ஆறிய பிறகு ஈரச்சாக்கைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினீர்கள். ஓஸ் கசிவதைக் கண்டுபிடித்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினீர்கள்.

அதோடு கிளம்பியிருக்கலாம். "லோடு குறையோணுங்க" என்று கட்டில், கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் உங்கள் வண்டிக்கு மாற்றிக்கொண்டு, முன்னால் மெதுவாகப் போய் வழிகாட்டினீர்கள். சென்னையில் இதே சாமானை ஏற்றக் கூலி பேசவே அரை மணி நேரம் ஆனது! நீங்களோ வீட்டு வாசலில் இறக்கிவைத்து, நீட்டிய பணத்தைத் தொடாமல், "காலைல லோடு இருக்குதுங்க" என்று கிளம்பிவிட்டீர்கள்.

பெயர்கூடக் கேட்கவில்லை. கட்டிலைக் கட்டிய உங்கள் கயிறு எங்களிடம்தான் இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் வாங்க, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.